சத்தியம் வாங்கிய பெரியம்மாவுக்கு

வாசகர் கடிதம் (சுருக்கம்)

"என்னுடைய தங்கையின் மகனை நான்கு வருடங்களாக நானே வளர்க்கிறேன். தங்கை குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். தகப்பன் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். மகனுக்குப் பதினாறு வயது, பதினோராம் தரம் படிக்கிறான். மூன்று மாதத்துக்கு முன் அவனோடு ரியூஷன் வகுப்பில் படித்த பிள்ளை ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். அதற்குப் பிறகு இவன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, இரவில் விழித்திருக்கிறான், சும்மா ஒன்று கேட்டாலும் எரிந்து விழுகிறான். போன கிழமை அவனுடைய கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'நான் இல்லாவிட்டால் அம்மா வீட்டுக்கு வரலாம்' என்று எழுதியிருந்ததைக் கண்டேன். பதறிப்போய் அடித்துவிட்டேன். பிறகு நானே அழுது, கண்ணகி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், இனி அப்படி நினைக்கவே மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். இப்போது சிரித்துப் பேசுகிறான். பிரச்சினை முடிந்துவிட்டதா? திரும்பவும் கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிடுவேனோ? வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் பொலிஸ், பதிவு என்று அவனுடைய எதிர்காலம் பழுதாகாதா? தங்கைக்குச் சொல்வதா, விடுவதா?"

– ஒரு பெரியம்மா, படுவான்கரை, மட்டக்களப்பு

பதில்

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, இந்தப் பதில் வெளியாகும் வரை காத்திராமல், அன்றிரவு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தனியாக எழுதி அனுப்பியிருந்தேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருப்பதனால், நீங்கள் அனுமதித்தபடி ஊரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, அதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். முதற் கேள்விக்கு மட்டும் முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். பிரச்சினை முடியவில்லை. ஆனால் அந்தக் கொப்பி உங்கள் கண்ணில் பட்டது நல்ல நேரத்தில்தான்.

அந்த வாசகத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கணிதக் கொப்பியில் அவன் எழுதியிருப்பதும் ஒரு கணக்குத்தான். தாய் கடல் கடந்து போனது தன்னுடைய படிப்புக்காகவும் சாப்பாட்டுக்காகவும் என்று பல வாய்களால் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன்னை ஒரு செலவாக எழுதி, அந்தச் செலவைக் கழித்துவிட்டால் தாய் திரும்பி வந்துவிடுவாள் என்ற விடையைக் கண்டிருக்கிறான். தற்கொலை எண்ணத்தோடு உளநல வைத்தியர்களான எங்களிடம் வரும் பதின்ம வயதுப் பிள்ளைகளில் பலர் சாவை ஆசைப்பட்டு வருவதில்லை. தாங்க முடியாத ஏதோ ஒன்று நின்றுவிட வேண்டும் என்றுதான் வருகிறார்கள். வாழவும் விருப்பம், இது முடியவும் விருப்பம் என்ற இரண்டும் ஒரே மனதில், பல சமயம் ஒரே மணித்தியாலத்தில், மாறி மாறி எழுகின்றன. நான் மற்றவர்களுக்குப் பாரம் என்ற நினைப்பும், எனக்கென்று ஒருவரும் இல்லை என்ற நினைப்பும் ஒன்று சேரும்போது தராசு ஆபத்தான பக்கம் சாய்கிறது. உங்கள் மகனிடம் முதலாவது நினைப்பு எழுத்திலேயே இருக்கிறது. இரண்டாவது இருக்கிறதா என்பதை அவனிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அவனுடைய எரிச்சலை நீங்கள் தனியாக ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்களிடம் சோர்வாகவும் அழுகையாகவும் தெரியும் மனச்சோர்வு நோய், இந்த வயதில் பல நேரங்களில் சினமாகவும் எதிர்த்துப் பேசுவதாகவுமே வெளிப்படும். ஆகவே அதைத் திமிர் என்று எண்ண வேண்டாம். நித்திரையின்மை, சாப்பாடு குறைதல் ஆகியவற்றோடு அதையும் ஒரே நோயின் அடையாளமாகச் சேர்த்துப் பார்ப்பதே சரி. விருப்பமான பொருட்களை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுதல், கூட்டாளிகளை விட்டு ஒதுங்குதல், விடைபெறுவது போலப் பேசுதல், உடம்பில் தானே காயம் உண்டாக்கிக்கொள்ளுதல், முன்பு ஒரு தடவை முயன்றிருத்தல் ஆகியவற்றையும் பெற்றோர் அறிந்து வைத்திருக்க வேண்டும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே மிகவும் கனமானது. முன்பு முயன்ற பிள்ளையை 'வெருட்டுகிறான்' என்று தள்ளிவிடுவதைப் போன்ற ஆபத்தான தவறு வேறில்லை.

இனிச் சத்தியத்துக்கு வருகிறேன். நீங்கள் அன்பினாலும் அச்சத்தினாலும் செய்த காரியம் அது. எங்கள் பக்கத்தில் அம்மன் முன் செய்த சத்தியத்துக்கு என்ன நிறை என்பதை நானும் அறிவேன். நிறை கூடியது என்பதே இங்கே சிக்கலாகிவிட்டது. செய்கையைத் தவிர்ப்பதாக ஒருவன் வாக்குக் கொடுக்கலாம். நினைப்பு வராது என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது, ஏனென்றால் நினைப்பு கேட்டுக்கொண்டு வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு அது மறுபடி வந்தால் அவன் என்ன செய்வான்? முன்பு அவனிடம் துயரம் மட்டும் இருந்தது. இப்போது அம்மனுக்குக் கொடுத்த சத்தியத்தை முறித்துவிட்டேன் என்ற குற்றமும் அதன் மேல் ஏறிக்கொள்ளும், அதை உங்களிடம் சொல்லும் வழியும் அடைபட்டிருக்கும். எங்கள் தொழிலும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தது. 'நான் தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்' என்று நோயாளியிடம் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் பல நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. அது உயிர்களைக் காத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நோயாளியின் வாயை அடைத்து வைத்தியரின் மனதைத்தான் ஆறுதற்படுத்தியது.

ஆகவே அவனை அந்தச் சத்தியத்திலிருந்து நீங்களே விடுவிக்க வேண்டும். முடிந்தால் அதே கோயில் வாசலில், முடியாவிட்டால் வீட்டில், இந்த அளவுக்குச் சொன்னாற் போதும்: "மகன், அண்டைக்கு நான் பயத்தில உன்னட்டச் சத்தியம் கேட்டிட்டன். நினைப்பு வாறது உன்ர பிழை இல்லை. அம்மன் அதுக்குக் கோவிக்கமாட்டா. வந்தா, அது எந்தச் சாமமெண்டாலும், என்னை எழுப்பு." நினைக்க மாட்டேன் என்று வாங்கிய வாக்கை, வந்தால் சொல்வேன் என்ற வேண்டுகோளாக மாற்றிக்கொள்வது இவ்வளவுதான்.

அவன் இப்போது சிரித்துப் பேசுவதைப் பற்றி எச்சரிக்கையாகவே எழுத வேண்டியிருக்கிறது. எழுதியது தெரியவந்துவிட்டதே என்ற நிம்மதியினாலும் அந்தச் சிரிப்பு வந்திருக்கலாம். உங்களை இன்னொரு தடவை அழவைக்கக்கூடாது என்று அவன் போட்டுக்கொண்ட திரையாகவும் இருக்கலாம். உள்ளுக்குள் ஒரு முடிவெடுத்துவிட்ட சிலரிடம் திடீரென்று ஓர் அமைதி தோன்றுவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து இவற்றைப் பிரித்தறிய எனக்கும் தெரியாது, இருபது வருடம் இந்த வேலை செய்த பிறகும்.

பிரித்தறிய ஒரே வழி கேட்பது. கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிடுவேனோ என்பது நான் ஏறக்குறைய ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்கும் கேள்வி. படித்த ஆசிரியர்களும் கேட்பார்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நியூயோர்க் மாநிலத்தின் உயர்தரப் பாடசாலைகளில் 2,000 இற்கும் அதிகமான மாணவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டும் மற்றப் பிரிவினரிடம் கேட்காமலும் விட்டுப் பார்த்த ஆய்வு 2005 இல் வெளியானது. கேட்கப்பட்டவர்களுக்கு அந்த எண்ணமோ மன உளைச்சலோ கூடவில்லை. ஏற்கனவே சோர்ந்திருந்த பிள்ளைகளுக்கு, கேட்டது நன்மையாகவே இருந்ததுபோலத் தெரிந்தது.

ஆனால் கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. அதை நான் பிழைவிட்டுத்தான் கற்றேன். மண்முனையில் பாலம் வருவதற்கு முன், வாவியைப் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் கடந்து படுவான்கரைக்குக் கிளினிக் நடத்தப் போய்வந்த காலத்தில், பதினேழு வயதுப் பையன் ஒருவனைத் தகப்பன் கூட்டி வந்தார். பின்னேரம் ஆகிவிட்டது, திரும்பும் பாதையைத் தவறவிடக்கூடாது என்ற அவசரம் எனக்கு. எழுதிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "சாகிற மாதிரி யோசனை ஒண்டும் இல்லைத்தானே தம்பி?" என்று கேட்டேன். "இல்லை டொக்டர்" என்றான். மூன்றாம் நாள் அவனை வைத்தியசாலை விடுதியில் பார்த்தேன். உயிர் தப்பினான், படிப்படியாகத் தேறினான். தேறிய பிறகு ஒருநாள் அந்தக் கிளினிக்கைப் பற்றிக் கேட்டபோது, கோபம் ஏதுமில்லாமல் சொன்னான்: "நீங்க இல்லை எண்டு சொல்லத்தானே கேட்டீங்க." அந்த 'தானே'யை அதன் பிறகு நான் எந்தப் பிள்ளையிடமும் பயன்படுத்தியதில்லை.

நீங்களும் அப்படிக் கேட்காதீர்கள். நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரிப்பதை விட, இரண்டு பேரின் கையும் ஏதோ ஒரு வேலையில் இருக்கும்போது கேட்பது இந்த வயதுப் பையன்களுக்கு இலகு. வரம்பு வழியாக நடக்கும்போது, மீன் கழுவும்போது, சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது. பக்கத்தில் வேறு ஆள் இருக்கக்கூடாது. "உனக்குச் செத்துப்போகலாம் போல நினைப்பு வருகுதா மகன்?" என்று, சுற்றி வளைக்காமல், சாதாரணக் குரலில் கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனம் உங்களுக்கு நீண்டதாக இருக்கும். அதை நிரப்ப வேண்டாம்.

அவன் 'ஓம்' என்று சொன்னால் அழுகை வந்தால் வரட்டும், ஆனால் மூன்று வாசகங்களை மட்டும் வாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள். 'இதெல்லாம் ஒரு பிரச்சினையா' என்பது ஒன்று. 'நீ செத்தால் நானும் செத்துவிடுவேன்' என்பது இன்னொன்று, அது பாரத்தின் மேல் பாரம். மூன்றாவது உங்களுக்கு மிகவும் இயல்பாக வரக்கூடியது: 'உன்ர அம்மா உனக்காகத்தானே அங்க கிடந்து கஷ்டப்படுறா.' அந்த வாசகந்தான் அவனுடைய கணக்கின் முதல் வரி. அவனைத் தேற்றுவதாக நினைத்து நாம் எல்லோரும் அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதற்குப் பதிலாக, "எவ்வளவு காலமா இது வருகுது? எந்த நேரத்தில கூட?" என்று அவனுடைய வழியிலேயே போய்க் கேளுங்கள்.

இன்னும் இரண்டு விடயங்களை அறிய வேண்டும்: எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா, அதற்காக எதையாவது தேடியோ எடுத்தோ வைத்திருக்கிறானா. இவற்றுள் ஒன்றுக்கு 'ஓம்' என்றாலும், அல்லது பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தாலும், அந்த நிமிடத்திலிருந்து அவனைத் தனியே விடாதீர்கள்; அன்றைக்கே, நேரம் எதுவாக இருந்தாலும், வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். நோவாகவோ மயக்கமாகவோ இருந்தால் மட்டுந்தான் அது வரும் என்று எண்ணித் தயங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில், வீட்டுக்காரர் பெரும்போக வயலுக்கான பூச்சிமருந்துகளை அறை மூலையில் அடுக்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கடிதம் முழுவதிலும் என்னை உடனே பதில் எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற அளவில், உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. பிற்பட்ட ஆண்டுகளில் அது ஏறக்குறைய எழுபது சதவீதம் குறைந்தது. போர் 2009 வரை முடியவில்லை; மிகக் கொடிய நஞ்சுத்தன்மையுள்ள விவசாய இரசாயனங்களை அரசாங்கம் படிப்படியாகச் சந்தையிலிருந்து நீக்கியதே இந்த வீழ்ச்சிக்குப் பெருங்காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 'ஒன்றை மறைத்தால் இன்னொன்றைத் தேடுவான், சாக நினைத்தவனைத் தடுக்க முடியாது' என்பது நம்மிடையே உறுதியாக வேரூன்றிய நம்பிக்கை. நம் நாட்டின் வரலாறே அதைப் பொய்யாக்கியிருக்கிறது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. உணர்ச்சியைக் கிளர்த்தும் மூளைப் பகுதிகள் பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் இயங்கத் தொடங்கிவிடும். பின்விளைவை எண்ணிப் பார்த்து நிறுத்தும் மூளையின் முன்புறப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கும். இலங்கையில் உயிர் தப்பியவர்களைக் கேட்டபோது, அவர்களுள் பலர் அரை மணித்தியாலத்துக்கும் குறைவாகவே அதைப்பற்றி யோசித்திருந்தார்கள். ஓர் ஏச்சு, ஒரு காதல் முறிவு, பரீட்சைப் பெறுபேறு, அதன்பின் ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் கைக்கு ஒன்றும் எட்டாமலிருந்தால் அலை தணிந்துவிடும். ஒரு தடவை முயன்று தப்பியவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை.

எனவே அந்த மருந்துகள் வீட்டை விட்டுப் போக வேண்டும். பூட்டி வைத்தாற் போதாதா என்று வீட்டுக்காரர் கேட்பார். வடமத்திய மாகாணத்தில் 50,000 இற்கும் மேற்பட்ட குடும்பங்களை உள்ளடக்கி, பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்துச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2017 இல் வெளியானது. பெட்டி கொடுத்த கிராமங்களில் முயற்சிகள் குறையவில்லை. பூட்டின் திறப்பு அதே வீட்டில்தானே தொங்குகிறது. மகன் தேறும் வரை, தேவையான அளவை விசிறும் நாளில் மட்டும் வாங்குவது, மிச்சத்தை வீட்டிலோ வயல் வாடியிலோ வைக்காமல் அவன் போய்வராத வேறொரு பொறுப்பான ஆளிடம் ஒப்படைப்பது என்று செய்துகொள்ளுங்கள். அம்மம்மாவின் பிரஷர், சீனி வருத்தக் குளிசைகளுக்கும் இதே விதிதான்: ஒரு கிழமைக்குரியது மட்டும் உங்கள் கையில், மிச்சம் வெளியில். இதை அவனுக்குத் தெரியாமல் கள்ளத்தனமாகச் செய்ய வேண்டியதில்லை. "கொஞ்ச நாளைக்கு இதுகள் இஞ்ச வேணாம், நீ எனக்கு வேணும்" என்று சொல்லியே செய்யலாம்.

இறந்துபோன அந்தப் பிள்ளையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அவனுக்கு அது ஒரு வரியாக இருக்காது. ஒரு பாடசாலையில், ஒரு வகுப்பில் ஒரு தற்கொலை நிகழ்ந்தால், அடுத்த சில மாதங்களில் அதே வயதினரிடையே ஆபத்து கூடுகிறது என்பது நன்கு அறியப்பட்ட விடயம். அந்த மரணம் பேசப்படும் விதம் அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். இந்த இடத்தில் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். சந்திக்குச் சந்தி பிள்ளையின் சிரித்த முகத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' பதாகை, செய்திப் பக்கங்களில் பாடசாலைச் சீருடைப் படம், கடைசிக் கடிதத்தின் வரிகள், நடந்த விதத்தின் விபரம், கீழே நூற்றுக்கணக்கில் அழுகைக் குறிகள். ஒரு தனிமையான பதினாறு வயதுக்கு இவை என்ன சொல்கின்றன என்பதை அவற்றைப் பகிர்கிறவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பதில்லை: உயிரோடு இருக்கும்போது கிடைக்காத கவனம், இறந்தால் கிடைக்கும் என்றுதான் சொல்கின்றன. ஊர் இளைஞர் கழகத்தினருக்கும் ரியூஷன் ஆசிரியர்களுக்கும் இந்தப் பதிலைக் காட்டலாம் என்றால் காட்டுங்கள்.

அவனோடு அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள். பெயரைச் சொல்லியே பேசுங்கள். அவளைத் தைரியசாலி என்றோ கோழை என்றோ, காதலால் செத்தாள் என்றோ சொல்லாதீர்கள். ஒரு மரணத்துக்கு ஒரேயொரு காரணம் இருப்பதில்லை. அவளுக்கு உதவி கிடைத்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய வலி அது என்று மட்டும் சொல்லலாம். கடைசியாக அவளோடு பேசியவர்களுள் அவனும் ஒருவனா, ஏதாவது கண்டும் சொல்லாமல் விட்டேனே என்ற உறுத்தல் அவனுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பையன்கள் அதைத் தாமாகச் சொல்வது அபூர்வம்.

வைத்தியசாலை பற்றிய உங்கள் அச்சத்தில் ஒரு பகுதி பழைய சட்டத்திலிருந்து வந்தது. தற்கொலைக்கு முயல்வது நம் தண்டனைச் சட்டத்தில் முன்பு குற்றமாக இருந்தது. அந்தப் பிரிவு 1998 இல் நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் மகன் எதையும் செய்யவுமில்லை. மனம் சரியில்லை என்று உளநலப் பிரிவுக்குப் போகும் பிள்ளைக்குப் பொலிஸ் இல்லை. பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அறிவித்தல் போவதில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவது சிரமமென்றால் உங்களுக்கு அண்மையிலுள்ள ஆதார வைத்தியசாலையில் உளநல வைத்திய அதிகாரி எந்த நாட்களில் பார்க்கிறார் என்று முதலில் விசாரித்துக்கொண்டு போங்கள். பட்டிருப்புப் பாலத்தையோ மண்முனைப் பாலத்தையோ கடந்து வந்து, ஆள் இல்லை என்று திரும்பிப் போகும் ஏமாற்றம் இந்த நேரத்தில் அவனுக்கு வேண்டாம். தெரிந்தவர்கள் கண்டால் என்ன சொல்வது என்பதே பலரைத் தடுக்கும் உண்மையான தடை. தலையிடிக்காகவும் நித்திரை வராததற்காகவும் வந்தோம் என்று சொல்லுங்கள், அதுவும் பொய்யில்லை.

அங்கே அவனோடு தனியாகவும் உங்களோடு தனியாகவும் பேசுவார்கள். எல்லோருக்கும் மருந்து கொடுப்பதில்லை. எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவும், கொந்தளிப்பைக் கடந்துபோகவும் கற்றுக்கொடுக்கும் பேச்சுச் சிகிச்சையே சிலருக்குப் போதும். மருந்து தந்தால் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். மனச்சோர்வு மருந்து வேலைசெய்யச் சில கிழமைகள் எடுக்கும். தொடங்கிய முதற் கிழமைகளில் சில இளவயதினருக்குப் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்பதனால், 2004 இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அந்த எச்சரிக்கையை மருந்தோடு சேர்த்து அச்சிடும்படி செய்தது. ஆகவே அந்நாட்களில் கூடுதலாகக் கவனித்து, மாற்றம் கண்டால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பயந்து தானாக நிறுத்தக்கூடாது. குளிசை உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

தங்கைக்குச் சொல்லுங்கள். மறைத்துவைத்து, பிறகு வேறு வாயால் அவள் அறிந்தால், உங்கள் இருவருக்கும் இடையில் அது ஆறாது. ஆனால் நள்ளிரவில் அழுதுகொண்டு எடுக்கும் அழைப்பாக அது இருக்க வேண்டாம், 'உடனே வா' என்ற கட்டளையாகவும் வேண்டாம். வேலை ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு கடனோடு வந்திறங்கினால், தன்னால்தான் அதுவும் நடந்தது என்று அவன் கணக்கில் இன்னொரு வரியைச் சேர்த்துக்கொள்வான். அவளுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் பார்த்து, நடந்ததையும் செய்துகொண்டிருப்பதையும் சொல்லிவிட்டு, அவளிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அவனோடு பேசும்போது பரீட்சை, காசு, செலவு என்ற மூன்றையும் ஒரு மாதத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். சாப்பிட்டாயா என்பதற்குப் பதிலாக என்ன சாப்பிட்டாய், என்ன விளையாடினாய், அங்கே மழையா என்று கேட்கட்டும். தான் எப்போது, ஏன் போனாள், எப்போது வர எண்ணியிருக்கிறாள் என்பதை அவளே அவனுக்கு நேரடியாகச் சொல்லட்டும். திகதி உறுதியில்லை என்றால் உறுதியில்லை என்றே சொல்லட்டும். பிள்ளைகள் பொய்யான திகதிகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியாக வருவது. நீங்களும் அவனும் ஒரே குடி. தனக்கென்று யாருமில்லை என்ற நினைப்பு அவனுக்கு இருந்தால், அதற்கு எதிராக உங்கள் கையில் இருப்பது அது. தாய்மாமன் ஒருவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏசாத ஆளாக இருந்தால் அவரையும் இதற்குள் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு ஆளால் இதைச் சுமக்க இயலாது. பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் இரகசியம் காப்பவர் என்று உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் அவரிடமும் சொல்லலாம், மகனின் சம்மதத்தோடு.

கைப்பேசியைப் பறித்து வைக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பறிக்க வேண்டாம், தாயின் குரல் வருவதும் அதில்தான். இரவு பத்து மணிக்குப் பின் எல்லோருடைய கைப்பேசியும், உங்களுடையதும் சேர்த்து, குசினி மேசையில் இருக்கட்டும்.

மனம் குமுறும்போது செய்வதற்கு ஒரு தாளை அவனே எழுதட்டும். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுவது பயன்படாது. எங்கள் கிளினிக்கில் ஒரு பிள்ளை எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: 'நெஞ்சு இறுகி, கதவைச் சாத்த வேணும் போல வந்தா, அது தொடங்கீட்டு. வெளியில வந்து தண்ணியில தலையை நனைக்கிறது. பந்தை எடுத்துக்கொண்டு வாசிகசாலைப் பக்கம் போறது. அங்க ஆள் இல்லாட்டி மாமாவுக்குக் கோல். எடுக்காட்டி 1926.' கடைசியாக எழுதியிருப்பது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இரவும் பகலும் இயங்கும், தமிழிலும் பேசலாம். 1333 என்ற இலக்கமும் இலவச ஆலோசனைக்கு உரியது. வீட்டிலோ வெளியிலோ யாராவது பிள்ளையை வதைப்பதும் இதற்குள் கலந்திருந்தால் 1929 சிறுவர் உதவிச் சேவை இருக்கிறது. இந்த இலக்கங்களை அவன் மட்டுமல்ல, நீங்களும் அழைக்கலாம். நித்திரை இல்லாமல் அவனுடைய அறை வாசலில் பாய் போட்டுப் படுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்; மாமாவோடு முறை வைத்துக்கொண்டு, ஒரு நாள்விட்டு ஒரு நாளாவது நன்றாகத் தூங்குங்கள்.

அடித்ததற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் மூன்று இடத்தில் அந்த அடி வருகிறது. கேளுங்கள். "பயத்தில அடிச்சிட்டன், அது பிழை" என்றால் போதும், நீட்ட வேண்டாம். அத்தோடு, ஒளித்து வைத்திருக்கும் அந்தக் கொப்பியை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தைக் கிழிக்காமல் கொடுங்கள். வைத்தியரிடம் காட்ட விரும்பினால் அவனிடம் கேட்டுவிட்டு, அவன் கையாலேயே கொண்டுவரச் செய்யுங்கள். கணிதப் பாடத்துக்கு அவனுக்கு அது தேவைப்படும்.